தீர்ப்பில் ஒரு வரி, பிலிப்ஸ் வீதியில் ஒரு வீடு

பத்திரிகைத் தொழிலில் நான் காலடி வைத்தபோது எனக்குக் கிடைத்த முதற்பணி நீதிமன்றச் செய்திகளை எழுதுவது. எனக்குத் தொழில் பழக்கிய மூத்த செய்தியாசிரியர் ஒருவர் அந்நாட்களில் அடிக்கடி ஒரு புத்திமதி சொல்வார். "தம்பி, தீர்ப்பின்ரை கடைசிப் பக்கத்தை எல்லாரும் வாசிப்பினம். நீர் நடுப்பக்கங்களை வாசியும். செய்தி அங்கைதான் கிடக்கும்." பிற்காலத்தில் நான் வேறு துறைகளுக்கு மாறிய பின்னரும் அப்பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. இன்று எழுதப் போகும் வீட்டின் வாசலுக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்ததும் அந்தப் பழக்கமே.

அமெரிக்க உயர் நீதிமன்றம் 1899 டிசம்பர் மாதத்தில் ஒரு தீர்ப்பை வழங்கியது. கமிங் எதிர் ரிச்மண்ட் கவுண்டி கல்விச்சபை என்பது வழக்கின் பெயர். ஜோர்ஜியா மாநிலத்தின் ஓகஸ்டா நகரில் வாழ்ந்த மூன்று கறுப்பினத் தந்தையர் அதைத் தொடுத்திருந்தனர். கறுப்பின மாணவர்களுக்கெனப் பொதுப்பணத்தில் 1880 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வெயர் உயர்நிலைப் பாடசாலையை உள்ளூர்க் கல்விச்சபை 1897 இல் மூடிவிட்டது. வெள்ளையருக்கான உயர்நிலைக் கல்விக்கு மட்டும் பொதுப்பணம் தொடர்ந்து வழங்கப்பட்டது. "நாங்களும் வரி கட்டுகிறோம், எங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லையென்றால் எங்கள் வரியில் மற்றவர்களுக்கு மட்டும் எப்படிப் பாடசாலை நடத்தலாம்?" என்பதே அத்தந்தையரின் வழக்கு.

உயர்நிலை வகுப்புகளில் படிப்போர் 60 பேர்தான், அக்கட்டடம் ஆரம்பக் கல்விக்கு இடமின்றி நிற்கும் 300 சிறுவர்களுக்குத் தேவைப்படுகிறது என்று கல்விச்சபை விடை கூறியது. நீதிபதிகள் அதை ஒருமனதாக ஏற்றனர். இனவெறுப்பினால் செய்யப்பட்டதென நிறுவப்பட்டிருந்தால் அது வேறு கேள்வியாக இருந்திருக்கலாம், இங்கு அப்படி எதுவும் நிறுவப்படவில்லை என்றனர். தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஜோன் மார்ஷல் ஹார்லன். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1896 இல், புகையிரதங்களில் நிறவாரியாக இருக்கை பிரித்ததைச் சட்டபூர்வமாக்கிய பிளெஸி வழக்கில் தன்னந்தனியாக மாறுபட்டு நின்று, அரசியலமைப்பு நிறத்தைப் பார்ப்பதில்லை என்று வாதிட்டவர் அவரே. வரலாறு எவரையும் ஒரே வண்ணத்தில் தீட்ட விடுவதில்லை.

இவையெல்லாம் கடைசிப் பக்கச் செய்திகள். நடுப்பக்கத்திலே கல்விச்சபையின் வாதமாக இன்னொரு விடயமும் பதிவாகியிருக்கிறது. வெயர் பாடசாலை மூடப்பட்டதனால் யாருக்கும் பெரிய நட்டமில்லை, கறுப்பினப் பிள்ளைகள் அதே அளவு கட்டணத்துக்கு உயர்நிலைக் கல்வி பெறக்கூடிய தனியார் பாடசாலைகள் ஓகஸ்டாவில் மூன்று உள்ளன என்பது அது. பெயர்களும் தரப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ஹேய்ன்ஸ்.

அந்தப் பெயரில்தான் நான் நின்றுவிட்டேன். அரசு தன் கடமையைக் கைவிடுவதற்குச் சமாதானமாகக் காட்டிய அப்பாடசாலை யாருடையது? அதை யார், எவ்வளவு பாடுபட்டுக் கட்டினார்கள்? தீர்ப்பில் அதற்கு விடையில்லை. விடை ஓகஸ்டாவின் பிலிப்ஸ் வீதியில், 1116 ஆம் இலக்க வீட்டில் இருக்கிறது. லூசி கிராப்ட் லேனி கறுப்பின வரலாற்று நூதனசாலை என்று இன்று அழைக்கப்படும் அவ்வீடு, ஹேய்ன்ஸ் பாடசாலையை நிறுவிய அம்மையார் வாழ்ந்த இல்லம்.

லூசி லேனி 1854 ஏப்ரல் 13 ஆம் திகதி ஜோர்ஜியாவின் மேக்கன் நகரிற் பிறந்தார். பத்துப் பிள்ளைகளைக் கொண்ட குடும்பம். தந்தை டேவிட் லேனி கைதேர்ந்த தச்சர், பிரெஸ்பிட்டேரியன் சபையின் போதகரும்கூட. அடிமையாக இருந்த அவர், லூசி பிறப்பதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கியவர். மணம் செய்த பின்னர் மனைவி லூயிசாவின் விடுதலையையும் அவ்வாறே வாங்கினார். கட்டிய மனைவியை இன்னொருவரிடமிருந்து பணம் கொடுத்து மீட்க வேண்டியிருந்த காலம் அது.

ஜோர்ஜியாவில் 1829 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அடிமைகளுக்கோ, அடிமைகளாயில்லாத கறுப்பினத்தவருக்கோ எழுத்தறிவிப்பது குற்றம். கற்பித்தவர் கறுப்பினத்தவராயின் தண்டமும் கசையடியும், வெள்ளையராயின் தண்டமும் சிறையும். அச்சட்டம் நடைமுறையில் இருந்த ஊரிலேதான் லூசி நான்கு வயதில் எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொண்டார். பன்னிரண்டு வயதில் யூலியஸ் சீசரின் காலியப் போர் நூலிலுள்ள கடினமான இலத்தீன் பகுதிகளை மொழிபெயர்க்கும் அளவுக்குத் தேர்ந்திருந்தார்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தவனான எனக்கு ஒரு தடுமாற்றம் ஏற்படுகிறது. ஜோர்ஜியாவிற் சட்டம் வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1824 இல், அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையொன்றைத் தொடங்கியிருந்தனர். வட்டுக்கோட்டைச் செமினரி அதற்கும் ஓராண்டு முந்தியது. அவர்களை அனுப்பியது பொஸ்டன் நகரைத் தளமாகக் கொண்ட அமெரிக்கன் போர்ட் என்னும் மிஷன் சங்கம். உடுவிற் பெண்பிள்ளைக்கு அமெரிக்கர் ஒருவர் எழுத்தறிவிப்பது புண்ணியம், அமெரிக்காவிலேயே மேக்கன் பெண்பிள்ளைக்கு அதைச் செய்தால் குற்றம்!

இம்முரண்பாட்டை அக்காலத்து அமெரிக்கர் சிலரும் உணர்ந்திருந்தனர். அடிமை முறைக்கு எதிராக அமெரிக்கன் போர்ட் உறுதியாக நிற்கவில்லை என்று குற்றஞ்சாட்டியவர்கள் விலகிச்சென்று, 1846 இல் அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் என்ற தனிச் சங்கத்தை அமைத்தனர். உள்நாட்டுப் போர் முடிந்ததும் தென்மாநிலங்களில் விடுதலை பெற்ற மக்களுக்கு நூற்றுக்கணக்கான பாடசாலைகளைத் திறந்தது அச்சங்கமே. மேக்கனில் லூசி கற்ற லூயிஸ் உயர்நிலைப் பாடசாலை அதன் பாடசாலை. அவர் 1869 இல் முதற்தொகுதி மாணவியருள் ஒருவராகச் சேர்ந்த அட்லாண்டா பல்கலைக்கழகமும் அதன் முயற்சியால் உருவானதே. ஆக, எமது உடுவிலும் வட்டுக்கோட்டையும் ஒரு கிளை என்றால், மேக்கனும் அட்லாண்டாவும் அதே மரத்திலிருந்து சண்டையிட்டுப் பிரிந்து வேறு மண்ணில் வேரூன்றிய மறு கிளை.

லூசி 1873 இல் ஆசிரியப் பயிற்சிப் பிரிவிலிருந்து பட்டயம் பெற்று வெளியேறினார். இலத்தீன், கிரேக்க இலக்கியங்களை உயர்மட்டத்திற் கற்கும் பிரிவு அங்கே பெண்களுக்குத் திறக்கப்பட்டிருக்கவில்லை. பன்னிரண்டு வயதிற் சீசரை வாசித்தவருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மேக்கன், மில்லெஜ்வில், சவானா, ஓகஸ்டா எனப் பத்து ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றிய பின்னர், 1883 இல் ஓகஸ்டாவின் கிறைஸ்ட் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவர் தமக்கெனப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். முதல் நாளில் வந்தவர்கள் ஒரு கைப்பிடியளவினரே. பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே கற்பிப்பது என்பது அவர் எண்ணம். சில ஆண்பிள்ளைகளும் வந்து நின்றார்கள். திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மாணவர் தொகை இருநூறைத் தாண்டியது. 1886 இல் மாநில அரசின் அங்கீகாரம் கிடைத்தது. அங்கீகாரம் மட்டுமே, பணம் இல்லை.

அவ்வாண்டில் பிரெஸ்பிட்டேரியன் சபையின் பொதுப்பேரவை மினியாபொலிஸ் நகரில் கூடியது. லூசி லேனி வடக்கே நெடுந்தூரம் பயணஞ்செய்து பேரவையின் முன் நின்று உதவி கேட்டார். ஊர் திரும்புவதற்கான வழிச்செலவு மட்டும் கிடைத்தது. ஆனால் அவர் பேச்சைக் கேட்டவர்களுள் சபையின் பெண்கள் அமைப்பில் தலைமைப் பொறுப்பிலிருந்த பிரான்சீன் ஹேய்ன்ஸ் என்ற அம்மையாரும் இருந்தார். அவர் ஓகஸ்டாப் பாடசாலையை மறக்கவில்லை. பின்னர் 10,000 டொலர் நிதி திரண்டது அவர் மூலமாகவே. நன்றிக்கடனாக, பாடசாலைக்கு ஹேய்ன்ஸ் ஆசிரிய, கைத்தொழிற் கல்லூரி என்ற பெயர் சூட்டப்பட்டது.

அப்பெயரிலுள்ள 'கைத்தொழில்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கறுப்பின மக்களுக்கு இலக்கியமும் தத்துவமும் எதற்கு, தச்சும் தையலும் சமையலும் போதும் என்று எண்ணிய கொடையாளிகள் பலர் இருந்த காலம் அது. புக்கர் டி. வாஷிங்டன் 1895 இல் அட்லாண்டாவில் ஆற்றிய உரைக்குப் பின்னர் அக்கருத்து இன்னும் வலுப்பெற்றது. லூசி லேனி கைத்தொழிலை வெறுத்தவரல்லர், அதையும் கற்பித்தார். ஆனால் அதே கட்டடத்தில் இலத்தீனும் கிரேக்கமும் அட்சரகணிதமும் கற்பித்தார். பெயர்ப்பலகை கொடையாளிகளுக்கு, வகுப்பறை பிள்ளைகளுக்கு. தமக்கு மூடப்பட்ட கதவை அவர் தம் மாணவருக்குத் திறந்துவைத்தார்.

ஓகஸ்டாவில் கறுப்பினக் குழந்தைகளுக்கான முதற் பாலர் வகுப்பும், கறுப்பினப் பெண்களுக்கான தாதியர் பயிற்சியும் அவர் முயற்சியால் தொடங்கியவை. 1912 அளவில் ஹேய்ன்ஸில் 34 ஆசிரியரும் 900 க்கு மேற்பட்ட மாணவரும் இருந்தனர். பின்னாளில் அமெரிக்காவின் பெரும் நாவலாசிரியர்களுள் ஒருவராகப் புகழ்பெற்ற பிராங்க் யேர்பி இப்பாடசாலையின் மாணவர்.

ஹேய்ன்ஸில் ஆசிரியையாக வந்து கற்றுக்கொண்டு போனவர்களும் உளர். தென் கரோலினாவைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் ஆபிரிக்காவில் மிஷனரியாகப் பணியாற்ற விரும்பி விண்ணப்பித்தார். அவ்வேலைக்குக் கறுப்பினப் பெண்ணை எடுக்க மாட்டோம் என்ற பொருள்பட விடை வந்தது. அவருக்குக் கொடுக்கப்பட்டது ஹேய்ன்ஸில் ஆசிரியப் பணி. 1896 ஆம் ஆண்டு ஓகஸ்டாவுக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு லேனியின் கீழ்ப் பணிபுரிந்தார். எமது மக்களுக்கான பணி இங்கேயே இருக்கிறது என்ற தெளிவு அவருக்கு அங்கே பிறந்தது. 1904 இல் புளோரிடாவின் டேட்டோனாவில் ஒன்றரை டொலர் முதலுடனும் ஐந்து சிறுமியருடனும் தம் பாடசாலையைத் தொடங்கினார். அவர்தான் பின்னர் ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் ஆலோசகர்களுள் ஒருவராக விளங்கிய மேரி மக்லியோட் பெத்தூன். அவர் பெயரை உலகம் அறியும். அவருக்கு வழிகாட்டியவரின் பெயரை அவ்வளவாக அறியாது.

இப்போது தீர்ப்புக்குத் திரும்புவோம். வெயர் உயர்நிலைப் பாடசாலை மூடப்பட்டது 1897 இல். பெத்தூன் ஹேய்ன்ஸில் கற்பித்துக்கொண்டிருந்ததும் அக்காலத்திலேயே. இன்னுமொரு தொடர்பும் உண்டு. எட்மண்ட் வெயர் என்பவர் அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் முதலாவது தலைவர். லூசி லேனி அவரது மாணவி. வெயர் பாடசாலையின் முதல் அதிபராயிருந்த ரிச்சர்ட் ஆர். ரைட்டும் அதே பல்கலைக்கழகத்திற் படித்தவர். ஆகவே மூடப்பட்ட அரச பாடசாலையும் மூடுவதற்குச் சாட்டாகக் காட்டப்பட்ட தனியார் பாடசாலையும் ஒரே குருகுலத்தின் பிள்ளைகள். ஒன்றை மூடுவதற்கு மற்றதைக் காரணங்காட்டினார்கள்.

இதிலுள்ள அநியாயத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அரசு பாடசாலை தராததனால் ஒரு பெண் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பாடசாலை நடத்துகிறாள். ஊர் ஊராகப் போய் மடிப்பிச்சை எடுக்கிறாள். ஏழைப் பெற்றோர் வரியும் கட்டி, அதன்மேற் கட்டணமும் கட்டுகிறார்கள். பாடசாலை தழைக்கிறது. தழைத்த பின் அரசு அதைச் சுட்டிக்காட்டி, "உங்களுக்குத்தான் அது இருக்கிறதே, இனி நாங்கள் எதற்கு?" என்கிறது. அதை மூத்த நீதிமன்றம் ஆமோதிக்கிறது. இத்தீர்ப்பு பின்னரும் முன்னுதாரணமாகப் பயன்பட்டது. 1927 இல் மிசிசிப்பியைச் சேர்ந்த சீன வம்சாவளிச் சிறுமி ஒருத்தியை வெள்ளையர் பாடசாலையிலிருந்து விலக்கியது சரியென்று அதே நீதிமன்றம் சொன்னபோது கமிங் தீர்ப்பும் எடுத்தாளப்பட்டது.

அப்படியாயின் லூசி லேனி பாடசாலையே தொடங்காமல் இருந்திருக்க வேண்டுமா? தன்னுதவி செய்யும் சமூகம் தன் உரிமையைத் தானே பலவீனப்படுத்துகிறதா? இக்கேள்வி ஓகஸ்டாவுக்கு மட்டும் உரியதன்று. லேனி இதற்கு எழுத்தில் விடை சொன்னாரோ இல்லையோ, வாழ்க்கையில் விடை சொல்லியிருக்கிறார். தீர்ப்பு வெளியான அதே 1899 இல், அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, வேர்ஜினியாவின் ஹாம்ப்டனில் நடந்த மாநாட்டில் கல்விகற்ற கறுப்பினப் பெண்ணின் தோள்களில் உள்ள சுமை என்ற பொருளில் அவர் உரையாற்றினார். சுமையை இறக்கிவைப்பது பற்றியல்ல, அதைச் சுமக்கும் பொறுப்பைப் பற்றியே பேசினார். பின்னர் 1918 இல், உரிமைப் போராட்ட அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஓகஸ்டாக் கிளையை உருவாக்குவதில் முன்னின்றார். ஒரு கையாற் பாடசாலை, மறு கையால் உரிமைக் கோரிக்கை. ஒன்று மற்றதற்குப் பதிலாகாது என்பது அவர் நடைமுறையில் உணர்த்திய பாடம்.

அவர் 1933 ஒக்டோபர் 24 ஆம் திகதி காலமானார். பாடசாலை வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பொருளாதார மந்தத்திற் கொடைகள் வற்றிப்போக, ஹேய்ன்ஸ் 1949 இல் மூடப்பட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே நிலத்தில் அரச பணத்தில் ஓர் உயர்நிலைப் பாடசாலை எழுந்தது. அதற்கு லூசி சி. லேனி உயர்நிலைப் பாடசாலை என்று பெயரிட்டார்கள். தனியார் பாடசாலை இருக்கிறதென்று காரணங்காட்டி அரச பாடசாலையை மூடிய ஊர், அரை நூற்றாண்டு கழித்து அந்தத் தனியார் பாடசாலையின் மண்ணிலேயே, அதைக் கட்டியவரின் பெயரிலேயே, அவரது கல்லறையின் பக்கத்திலேயே அரச பாடசாலை கட்ட வேண்டியதாயிற்று. இதைவிடத் தெளிவான மேன்முறையீட்டுத் தீர்ப்பை நான் கண்டதில்லை.

1974 இல், ஜிம்மி கார்ட்டர் மாநில ஆளுநராக இருந்தபோது, ஜோர்ஜியா அரசாங்க மாளிகையில் முதன்முறையாகக் கறுப்பினத்தவரின் உருவப்படங்கள் தொங்கவிடப்பட்டன. மார்ட்டின் லூதர் கிங், ஆயர் ஹென்றி மக்னீல் ரேணர், லூசி லேனி ஆகிய மூவரின் படங்கள் அவை. ஹேய்ன்ஸ் முகம்பார்த்து நின்ற குவினெற் வீதி இன்று லேனி - வோக்கர் பெருந்தெரு. மற்றப் பாதிப் பெயர் அவ்வூரின் புகழ்பெற்ற பப்ரிஸ்ட் போதகர் சார்ள்ஸ் ரி. வோக்கருடையது.

வீட்டைக் காத்தவர்கள் அரசினரல்லர். டெல்ரா சிக்மா தீற்றா என்ற கறுப்பினப் பட்டதாரிப் பெண்களின் சங்கத்தைச் சேர்ந்த ஓகஸ்டா அங்கத்தினர் டெல்ரா ஹவுஸ் என்ற அமைப்பை உருவாக்கி, அவ்வில்லத்தைச் சீர்செய்து 1991 இல் நூதனசாலையாகத் திறந்தனர். லேனி கற்பித்தது பெண்களுக்கு. அவர் வீட்டை அழியவிடாமல் எடுத்தவர்களும் கற்ற பெண்களே. பாடசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள, மாளிகை என்று சொல்ல முடியாத அவ்வீட்டில், அவரின் கதையோடு ஓகஸ்டா வட்டாரக் கறுப்பின மக்களின் கதையும் பேணப்படுகிறது.

ஓகஸ்டா என்றதும் உலகத்தாருக்கு நினைவில் வருவது கோல்ப் மைதானம். மாஸ்ரர்ஸ் போட்டி அங்கே தொடங்கியது 1934 இல், லேனி மறைந்த மறு ஆண்டில். அப்போட்டியில் முதல் கறுப்பின வீரர் ஆடியது 1975 இல். அக்கழகம் தன் முதல் கறுப்பின அங்கத்தவரைச் சேர்த்துக்கொண்டது 1990 இல். அதற்கு அடுத்த ஆண்டிலேதான் பிலிப்ஸ் வீதி வீட்டின் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது. ஆண்டுதோறும் ஏப்ரலில் தொலைக்காட்சியில் அப்பசும்புல்வெளியைக் காண்போர் கோடிக்கணக்கானோர். லேனியின் பிறந்தநாளும் ஏப்ரலிலேயே வருகிறது.

ஊருக்கு ஊர் சிறு நூதனசாலைகள் எதற்கு, தலைநகரில் பெரியதொன்று இருந்தாற் போதாதா என்று கேட்போரை எம்மவரிடையேயும் கண்டிருக்கிறேன். பெரிய நூதனசாலைகள் வென்றவற்றையும் அரியவற்றையும் வைத்திருக்கும். தீர்ப்பின் நடுப்பக்கத்தில் ஒரு பெயராக மட்டும் வந்துபோன பாடசாலை அங்கே இடம்பெறாது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் ஐம்பது ஆண்டு உழைப்பு இருந்தது என்று சொல்ல, அவள் வாழ்ந்த வீடு வேண்டும். அதைக் கூட்டித் துடைத்துத் திறந்துவைக்க நாலு பேர் வேண்டும்.

அந்தத் தீர்ப்பை இப்போது மீண்டும் வாசித்தால் எனக்கு அவ்வரி வேறாகத் தெரிகிறது. கல்விச்சபை தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் சொன்ன ஒரு வார்த்தை, அரசு செய்யாததை ஒரு சமூகம் செய்து முடித்திருந்தது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலமாக நீதிமன்றப் பதிவிலேயே நிலைத்துவிட்டது. எனக்குத் தொழில் பழக்கிய அப்பெரியவர் இருந்திருந்தால், "செய்தி அங்கைதான் கிடந்தது, பார்த்தீரோ?" என்று கேட்டிருப்பார்.